புரோபைப் பிடிக்கும் கை

செங்கல்பட்டில் எந்த ஸ்கேன் சென்டருக்குள் நுழைந்தாலும் முதலில் காதில் விழுவது ஒரே வாசகம்தான்: "தண்ணி குடிச்சிட்டு உக்காருங்கம்மா, முட்டிக்கிட்டு வந்தாச் சொல்லுங்க." மாமல்லபுரத்திலிருந்தும் திருக்கழுக்குன்றத்திலிருந்தும் பஸ் ஏறி வந்த கர்ப்பிணிகள், நாள்பட்ட வயிற்று வலிக்காரர்கள், சிறுநீரகத்தில் கல் இருக்குமோ என்ற பயத்தோடு வந்த லாரி டிரைவர்கள் எல்லோரும் பாட்டிலும் கையுமாகக் காத்திருப்பார்கள். எதற்குத் தண்ணீர் என்று யாரும் விளக்குவதில்லை, விளக்க நேரமும் இருப்பதில்லை. இந்தத் தொழிலின் பாதி இயற்பியல் அந்த ஒரு பாட்டில் தண்ணீரில் இருக்கிறது.

ஸ்கேன் கருவி எழுப்பும் மீயொலிக்கு, அதாவது அல்ட்ராசவுண்டுக்கு, காற்று ஆகாது. உடலின் திசுவிலிருந்து காற்றுக்குள் நுழைய முயலும் ஒலி, ஏறத்தாழ முழுவதுமாகத் திருப்பி அடிக்கப்பட்டுவிடும். குடலில் எப்போதும் வாயு இருக்கும். கர்ப்பப்பையின் முன்னால் அந்தக் குடல் சரிந்து கிடந்தால் திரையில் தெரிவது வெறும் புகைமூட்டம்தான். சிறுநீர்ப்பை நிறைந்தால் குடலை மேலே தள்ளிவிடும், உள்ளே இருக்கும் நீர் ஒலியைத் தடையில்லாமல் கடத்தும். வயிற்றில் ஜில்லென்று பூசுகிறார்களே, அந்த ஜெல்லின் வேலையும் இதுதான். தோலுக்கும் கருவிக்கும் நடுவே ஒரு மெல்லிய காற்றுப்படலம்கூட இல்லாமல் அது பார்த்துக்கொள்கிறது.

மனிதக் காது கேட்கும் எல்லை விநாடிக்கு 20,000 அதிர்வுகள். ஸ்கேன் கருவி எழுப்பும் ஒலி விநாடிக்கு 20 லட்சத்திலிருந்து ஒன்றரைக் கோடி அதிர்வுகள் வரை போகும். எல்லோரும் 'புரோப்' என்று சொல்லும் அந்தக் கைப்பிடிக்குள் இருப்பவை சிறு சிறு படிகத் துண்டுகள். மின்சாரம் பாய்ந்தால் அவை அதிரும். எதிரொலி வந்து மோதினால் மின்சாரம் தரும். இந்தப் பண்பை 1880-இல் கண்டுபிடித்தவர்கள் பியர் கியூரி, ஜாக் கியூரி சகோதரர்கள். உடல் திசுவில் ஒலியின் வேகம் சராசரியாக விநாடிக்கு 1,540 மீட்டர். அப்படியானால் ஒரு சென்டிமீட்டர் ஆழம் போய்த் திரும்ப 13 மைக்ரோ விநாடி, அதாவது ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் 13 பங்கு ஆகும். எதிரொலி திரும்பும் நேரத்தை வைத்து ஆழத்தையும், அதன் வலிமையை வைத்து வெளிச்சத்தையும் கணித்துத் திரையில் புள்ளி புள்ளியாக வரைகிறது கருவி.

மாமல்லபுரம் கரையில் இந்தக் கணக்கு பலருக்கும் பழக்கமானதுதான். கடலடி எத்தனை பாகத்தில் இருக்கிறது, மீன் கூட்டம் எங்கே நிற்கிறது என்று பார்க்க மீனவர்கள் படகில் வைக்கும் எக்கோ சவுண்டர் இதே வேலையைச் செய்கிறது. கடல்நீரில் ஒலியின் வேகமும் விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர்தான். உடலுக்குள் போகும் வேகத்துக்கு மிக அருகில். சுனாமி அடித்து ஓய்ந்த 2005-இல், கடற்கரைக் கோயிலுக்கு அருகே கடலுக்குள் கிடக்கும் கட்டுமானங்களைத் தொல்லியல் துறையும் கடற்படையும் தேடியபோது, முதலில் சோனார் ஒலியை அனுப்பித்தான் எங்கே முங்குவது என்று முடிவு செய்தார்கள்.

கரையோரமாகத் தெற்கே போனால் சதுரங்கப்பட்டினத்தை ஒட்டிக் கல்பாக்கம். அங்கே இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் உருவாக்கிய வேக ஈனுலைகளில் வெப்பத்தைக் கடத்துவது உருகிய சோடியம். அது உலோகம் என்பதால் ஒளி ஊடுருவாது, கேமரா பயன்படாது. உலைக்குள் எரிபொருளை மாற்றுவதற்கு முன் வழியில் ஏதாவது துருத்திக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க அங்குள்ள விஞ்ஞானிகள் மீயொலி ஸ்கேனரைத்தான் வடிவமைத்தார்கள். குழாய்களின் வெல்டிங்கில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று சோதிப்பதும் மீயொலிதான்.

இந்த உலோகச் சோதனைக்கும் கர்ப்பிணியின் ஸ்கேனுக்கும் உள்ள உறவு வெறும் ஒப்புமை அல்ல, பிறப்பு உறவு. கிளாஸ்கோவில் மகப்பேறு மருத்துவப் பேராசிரியராக இருந்த இயன் டொனால்ட், போர்க்காலத்தில் விமானப்படையில் பணிபுரிந்து ராடாரையும் சோனாரையும் அறிந்தவர். 1955 ஜூலையில் அறுவைச் சிகிச்சையில் அகற்றிய கட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு, ரென்ஃப்ரூவில் கொதிகலன் செய்யும் பாப்காக் அண்ட் வில்காக்ஸ் தொழிற்சாலைக்குப் போனார். அங்கே வெல்டிங் குறைகளைக் கண்டறியும் மீயொலிக் கருவி இருந்தது. நீர்க்கட்டிக்கும் சதைக்கட்டிக்கும் எதிரொலி வேறு வேறாக வருவதை அன்று கண்டார். டாம் பிரவுன் என்ற இளம் பொறியாளர் அந்தக் கருவியை நோயாளிகளுக்கு ஏற்ற மாதிரி மாற்றித் தந்தார். வயிறு வீங்கி, முற்றிய புற்றுநோய் என்று கைவிடப்பட்ட ஒரு பெண்ணை அவர்கள் பரிசோதித்தபோது தெரிந்தது சினைப்பையில் பெரியதொரு நீர்க்கட்டி. அறுவைச் சிகிச்சையில் அதை எடுத்ததும் அவர் பிழைத்தார். 1958 ஜூன் 7-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் டொனால்ட், அவருடன் பணிபுரிந்த மாக்விகார், பிரவுன் மூவரும் எழுதிய கட்டுரை வெளியானது. இன்றைய ஸ்கேன் அறைகள் அத்தனைக்கும் அதுதான் தொடக்கம்.

இங்கே ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். எக்ஸ்ரேயில் படம் பிடிப்பது ஒருவர், பார்த்துச் சொல்வது இன்னொருவர் என்று வேலையைப் பிரித்துக்கொள்ளலாம். ஸ்கேனில் அது அத்தனை எளிதல்ல. புரோபைப் பிடித்த கை எந்தக் கோணத்தில் சாய்கிறதோ அந்த வெட்டுமுகம் மட்டுமே திரையில் வரும். ஐந்து டிகிரி விலகினால் பித்தப்பையில் இருக்கும் கல் இல்லாமல் போகும். கல்லைக் கண்டால் அதற்குப் பின்னால் கறுப்பாக ஒரு நிழல் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். நீர்க்கட்டியென்றால் அதற்குப் பின்னால் நிழலுக்குப் பதில் கூடுதல் வெளிச்சம் விழும். உதரவிதானம் கண்ணாடியைப் போல வேலை செய்து, கல்லீரலில் இருக்கும் ஒரு புள்ளியை நுரையீரலிலும் இருப்பதாகக் காட்டி ஏமாற்றும். நகர்த்து, சாய், சுழற்று, அழுத்து: கைக்குத் தெரிய வேண்டிய அசைவுகள் நான்கைந்துதான். அவை கண்ணோடு சேர்ந்து பழக மாதக்கணக்கு ஆகும். வீணை கற்பவருக்கு விரலும் காதும் சேர்வதுபோல, புத்தகத்தில் படித்து வராது.

ஆகவே ஸ்கேன் படிப்பைத் தேர்ந்தெடுப்பவர் முதலில் கேட்க வேண்டியது கட்டணத்தையோ வளாகத்தின் பளபளப்பையோ அல்ல. அந்தப் படிப்பில் புரோப் யார் கையில் இருக்கும், எத்தனை மணி நேரம் இருக்கும், அருகில் நின்று திருத்துவது யார் என்பதைத்தான். இந்தியாவில் இந்தக் கேள்விக்கு முன்னால் இன்னொரு கேள்வியும் நிற்கிறது: அந்தப் புரோபைப் பிடிக்கச் சட்டம் அனுமதிக்கிறதா?

பிளஸ் டூவில் உயிரியல் எடுத்த ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். அப்பாவுக்குக் கொக்கிலமேட்டில் படகு, அம்மா வீட்டில். மருத்துவச் சீட்டு கிடைக்கவில்லை. 'அல்ட்ராசவுண்ட் டெக்னீஷியன், ஆறே மாதம், வெளிநாட்டு வேலை' என்றொரு நோட்டீஸ் கையில் கிடைக்கிறது. அம்மாவின் கழுத்துச் சங்கிலியை அடகு வைத்தால் கட்டணம் கட்டிவிடலாம். இப்படியொரு வீடு செங்கல்பட்டு மாவட்டத்தில் அபூர்வமானதல்ல. அந்தச் சங்கிலி அடகுக் கடைக்குப் போவதற்கு முன்னால் அந்த வீட்டாருக்குத் தெரிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இந்தியாவில் கர்ப்பிணிக்கு ஸ்கேன் செய்யும் உரிமை தகுதிபெற்ற மருத்துவருக்கு மட்டுமே. ஆறு மாதச் சான்றிதழ் வாங்கிய டெக்னீஷியன் அந்தப் புரோபைத் தொட்டால், அவருக்கும் ஆபத்து, அவரை வேலைக்கு வைத்த சென்டருக்கும் ஆபத்து.

இதற்குக் காரணம் மருத்துவம் அல்ல, பெண் குழந்தைகள். வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று ஸ்கேன் காட்டிவிடும் என்று தெரிந்ததும், பெண் என்றால் கலைத்துவிடுவது நாடெங்கும் பரவியது. ஆறு வயதுக்கு உட்பட்டவர்களில் ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 1991-இல் 945 பெண் குழந்தைகள் இருந்தார்கள், 2001-இல் அது 927 ஆகச் சரிந்தது. தமிழ்நாட்டுக்கு இந்தத் துயரத்தில் தனி வரலாறே உண்டு. உசிலம்பட்டிப் பகுதியின் பெண் சிசுக்கொலை 1980-களில் நாடு முழுவதும் பேசப்பட்டது; 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது. பாலினத்தைக் கண்டறிவதைத் தடைசெய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் 1994-இல் இயற்றியது. 1996 ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. 2003-இல் திருத்தங்களோடு இன்னும் கடுமையானது. ஒவ்வொரு ஸ்கேன் கருவியும் இயங்கும் இடம் பதிவு செய்யப்பட வேண்டும். பதிவில்லாதவருக்குக் கருவியை விற்பதே குற்றம். ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் 'எஃப்' படிவம் நிரப்ப வேண்டும். மீறினால் முதல் முறையே மூன்று ஆண்டு வரை சிறை. சுவரில் மாட்டியிருக்கும் 'பாலினம் கண்டறிவது சட்டப்படி குற்றம்' என்ற பலகைக்குப் பின்னால் இத்தனையும் இருக்கிறது.

இந்தச் சட்டம் மருத்துவர்களையும் சும்மா விடவில்லை. எம்.பி.பி.எஸ். முடித்தாலே ஸ்கேன் செய்துவிடலாம் என்ற நிலை இன்று இல்லை. ரேடியாலஜியில் மேற்படிப்பு முடித்தவர்களும் மகப்பேறு மருத்துவர்களும் ஒரு பக்கம். மற்ற எம்.பி.பி.எஸ். மருத்துவர்களுக்காக 2014-இல் தனி விதிகள் வந்தன: அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்தில் ஆறு மாதம், 300 மணி நேரம் பயிற்சி, லாக் புக், முடிவில் திறனறித் தேர்வு. டெல்லி உயர் நீதிமன்றம் 2016-இல் இந்த ஏற்பாட்டுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது, உச்ச நீதிமன்றம் 2018-இல் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. நீதிமன்றத்தில் இழுபறி இருந்தாலும் விதியின் உள்ளடக்கம் நியாயமானது என்பதே இந்தக் கட்டுரையின் கருத்து. ஒரு தாயின் வயிற்றில் கை வைப்பதற்கு முன் 300 மணி நேரம் என்பது அதிகமே இல்லை.

அந்த 300 மணி நேரத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். 26 வாரத்துக்குப் பங்கிட்டால் வாரத்துக்குப் பதினொன்றரை மணி நேரம். ஒரே கருவியைச் சுற்றி ஐந்து பேர் நின்றால், ஒருவர் கைக்குப் புரோப் வந்து சேரும் நேரம் 60 மணி. மிச்சம் 240 மணி நேரமும் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்ததுதான். பார்ப்பதும் கற்றல்தான் என்றாலும், கையைப் பழக்காத கற்றல் அது. ஆகவே கல்லூரியில் விசாரிக்கும் மருத்துவர் கேட்க வேண்டியது, "ஒரு மெஷினுக்கு எத்தனை பேர் சார்?" என்பதைத்தான். இதற்கு நேரடியாகப் பதில் வராத இடத்தில் மற்ற விசாரணைகளுக்கு அவசியம் இல்லை.

நோயாளிகளின் எண்ணிக்கையைவிட வகை முக்கியம். 1965-இல் தொடங்கிய செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை ஜி.எஸ்.டி. சாலையோரம் இருப்பதால் விபத்தில் அடிபட்டவர்கள் வருவார்கள். சுற்றுவட்டக் கிராமங்களிலிருந்து பிரசவத்துக்கும் வருவார்கள். இப்படியான இடத்தில் பயில்பவரின் கண்ணுக்கு இயல்பான கல்லீரலும் தெரியும், சுருங்கிய கல்லீரலும் தெரியும். ஆரோக்கியமானவர்கள் மட்டுமே முழு உடல் பரிசோதனைக்கு வரும் இடத்தில் ஆயிரம் ஸ்கேன் பார்த்தாலும், நோய் எப்படி இருக்கும் என்று கை அறியாது. கருவின் குறைகளைக் கண்டறியும் அனாமலி ஸ்கேனைக் கற்க விரும்பும் மருத்துவர்களுக்குச் சென்னையில் மருத்துவர் எஸ். சுரேஷ் நிறுவிய மெடிஸ்கேன் போன்ற சிறப்பு மையங்கள் உண்டு. அந்த ஸ்கேனை நிதானமாகச் செய்தால் ஒரு தாய்க்கு அரை மணி நேரம்கூட ஆகும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தாயை அனுப்பும் அறையில் அதைக் கற்க முடியாது.

படகுக்காரர் மகளுக்கு வருவோம். அவருக்கு வழியே இல்லையா? இருக்கிறது, பெயர்தான் வேறு. ரேடியாலஜி அண்ட் இமேஜிங் டெக்னாலஜி என்ற பி.எஸ்சி. பட்டப்படிப்பு, எக்ஸ்ரே, சி.டி., எம்.ஆர்.ஐ. கருவிகளை இயக்கக் கற்றுத் தருகிறது. அந்த அறைகளில் கருவி உண்மையாகவே டெக்னாலஜிஸ்ட் கையில்தான் இருக்கிறது. ஸ்கேன் அறையில் நோயாளியைத் தயார் செய்வது, பதிவேடு, மருத்துவருக்கு உதவி என்று வேலை அமையும். இதயத்தில் ஆர்வம் இருந்தால் கார்டியாக் டெக்னாலஜி படிப்பு உண்டு, இதயத்துக்கான மீயொலி ஸ்கேனாகிய எக்கோ அதில் பாடம். அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்குச் சென்னையில் மருத்துவக் கல்வித் தேர்வுக்குழு துணை மருத்துவப் படிப்புக் கலந்தாய்வை நடத்துகிறது. மாவட்டத்துக்குள்ளேயே காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம்., கேளம்பாக்கம் செட்டிநாடு போன்ற நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் வளாகத்திலேயே மருத்துவமனையோடு இத்தகைய படிப்புகளை நடத்துகின்றன. மருத்துவமனையே இல்லாமல் ஒரு மாடியறையில் நடக்கும் 'இமேஜிங்' படிப்பு எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். நோயாளியைப் பார்க்காமல் இந்தத் தொழிலில் கற்க எதுவும் இல்லை.

சட்டத்தில் ஒரு சிறிய வாசல் திறந்திருப்பதையும் சொல்ல வேண்டும். துணை மருத்துவத் தொழில்களை ஒழுங்குபடுத்த 2021-இல் வந்த தேசியச் சட்டத்தின் அட்டவணையில், இமேஜிங் டெக்னாலஜிஸ்ட் என்ற தலைப்பின் கீழ் மீயொலி ஸ்கேன் செய்பவரும் இடம்பெறுகிறார். பாலினத் தடைச் சட்டமோ கர்ப்பிணியின் வயிற்றில் மருத்துவரை மட்டுமே அனுமதிக்கிறது. இரண்டும் எங்கே எப்படிச் சந்திக்கும் என்பது வருங்காலம் தீர்க்க வேண்டிய கணக்கு. அதை நம்பி இன்றைக்கே நகையை அடகு வைக்கக் கூடாது.

வெளிநாட்டு ஆசை காட்டுபவர்களிடம் கேட்க வேண்டியது இன்னும் எளிது. பிரிட்டனில் கர்ப்பிணிகளுக்கான ஸ்கேன்களில் பெரும்பகுதியைச் செய்பவர்கள் மருத்துவர் அல்லாத சோனோகிராஃபர்களே. அங்கே இது பெரும்பாலும் ரேடியோகிராபர்களும் மகப்பேற்றுச் செவிலியர்களும் மேற்படிப்பாகப் படிப்பது. அமெரிக்காவில் 1975-இல் அமைந்த ஏ.ஆர்.டி.எம்.எஸ். என்ற அமைப்பின் தேர்வுதான் அளவுகோல். அதற்கு விண்ணப்பிக்கும்போதே மருத்துவமனை அனுபவத்துக்கு ஆவணம் கேட்பார்கள். 'உங்க சர்டிஃபிகேட்டை அவங்க ஏத்துக்கிறாங்கன்னு எழுதிக் குடுப்பீங்களா?' என்று அப்பா கேட்கட்டும். நோட்டீஸில் இருக்கும் விமானப் படம் அதற்குப் பதிலாகாது.

யாரும் அதிகம் யோசிக்காத வழி ஒன்று கல்பாக்கம் பக்கம் இருக்கிறது. உலோகத்தில் மீயொலிச் சோதனை செய்யப் பாலினச் சட்டம் குறுக்கே வராது. உலோகத்தைச் சேதப்படுத்தாமல் சோதிக்கும் இந்தத் துறைக்குச் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட தேசியச் சங்கம் உண்டு. லெவல் ஒன்று, இரண்டு, மூன்று என்று படிப்படியாகச் சான்று. ஒவ்வொரு படிக்கும் பயிற்சி நேரமும் அனுபவமும் கணக்கில் வரும். எங்கே எந்த அளவில் துளை இருக்கிறது என்று முன்பே தெரிந்த எஃகுக் கட்டையில் கருவியைச் சரிபார்த்த பிறகுதான் வெல்டிங்கில் புரோபை வைப்பார்கள். டொனால்ட் கடன் வாங்கிய தொழிலிலிருந்து மருத்துவப் படிப்புகள் இன்னும் கற்றுக்கொள்ள வேண்டிய ஒழுங்கு இது. உடல் திசுவைப் போன்ற மாதிரிப் பொம்மை பயிற்சி அறையில் இருக்கிறதா, நோயாளியைத் தொடும் முன் அதில் கை பழகவிடுகிறார்களா என்று கேட்பது மிகையல்ல.

நல்ல ஆசிரியர் முதல் வாரத்தில் திரையைவிடத் தோளைத்தான் அதிகம் பார்ப்பார். கையை அந்தரத்தில் தூக்கி, மணிக்கட்டை மடக்கி, நாள் முழுக்க அழுத்துபவர்களுக்குத் தோள்வலியும் கழுத்துவலியும் இந்தத் தொழிலில் உலகெங்கும் உள்ள தொல்லை. முழங்கைக்குத் தாங்கல் வேண்டும். நோயாளியைத் தன் பக்கம் நகர்த்திப் படுக்க வைக்க வேண்டும். புரோபைக் கரண்டியைப் போல நுனியில் பிடிக்காமல் உள்ளங்கையோடு பிடித்து, சுண்டுவிரலை நோயாளியின் தோலில் ஊன்றிக்கொள்ள வேண்டும்.

இரவு நேர விபத்துப் பிரிவில் இதெல்லாம் ஒன்றுசேரும். பைக்கில் போய் அடிபட்ட இளைஞர், வெளியே காயம் பெரிதாக இல்லை, நாடித்துடிப்பு மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. பயிற்சி மருத்துவர் வலது விலாவுக்குக் கீழே பக்கவாட்டில் புரோபை வைக்கிறார். கல்லீரல் தெரிகிறது, அதற்குக் கீழே அவரை விதை வடிவில் சிறுநீரகம். இரண்டுக்கும் நடுவே வெள்ளையாக ஒரு கோடு, எல்லாம் சரியாக இருப்பதுபோலத்தான் இருக்கிறது. பின்னால் நிற்கும் பேராசிரியர், "கல்லீரலோட கீழ் நுனிக்குப் போம்மா, இன்னும் கொஞ்சம் பின்னால சாய்" என்கிறார். கை சாய்கிறது, ஒரு விரல்கடைகூட நகரவில்லை. கல்லீரலின் நுனியைச் சுற்றிக் கறுப்பாக ஒரு மெல்லிய பட்டை திறக்கிறது. ரத்தம். அறுவை அரங்குக்கு ஃபோன் போகிறது, ஸ்ட்ரெச்சர் நகர்கிறது. புரோபில் ஒட்டிய ஜெல்லைத் துடைத்து மாட்டிவிட்டுப் பயிற்சி மருத்துவர் லாக் புக்கைத் திறக்கிறார்: தேதி, நேரம், என்ன தேடினார், என்ன கண்டார். கடைசிக் கட்டத்தில் பேராசிரியர் கையெழுத்துப் போடுகிறார்.